வெளிநாட்டுப் பரிசு அட்டையைச் சுரண்டுவதற்கு முன்

கனடாவிலிருந்து ஊருக்கு வந்த அக்காவிடம் அவர் மகன் எனக்காக ஒரு மின்னூல் கடையின் ஐம்பது டாலர் பரிசு அட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தான். அஸ்தம்பட்டி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒரு ரூபாய் நாணயத்தால் சுரண்டி, எண்ணை உள்ளிட்டதும் இந்த அட்டை என் நாட்டுக் கணக்கில் செல்லாது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது.

நூல், இசை, திரைப்படம் ஆகியவற்றின் விற்பனை உரிமை பெரும்பாலும் நாடுவாரியாகவே கைமாறுகிறது என்பதால், கடைக்கு அந்தந்த நாட்டு உரிமையின்படிதான் விற்க முடியும். நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்பதைக் கணக்கில் பதிவான நாடு, வங்கி அட்டையின் முகவரி, இணைய இணைப்பின் முகவரி (ஐபி) ஆகியவற்றைக் கொண்டு அது முடிவு செய்கிறது. ஆகவே, எதையும் வாங்குமுன் கணக்கின் அமைப்புகளுக்குள் சென்று, அதில் எந்த நாடு பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

நாட்டை மாற்றலாம், ஆனால் ஒரு புத்தகத்துக்காக மாற்ற வேண்டாம் என்பேன். கூகுள் பிளேயில் ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். பழைய நாட்டில் இருக்கும் இருப்புத் தொகையைப் புதிய நாட்டில் செலவிட இயலாது. ஆப்பிள் கணக்கிலோ இருப்பை முழுவதும் தீர்த்து, சந்தாக்களை ரத்து செய்த பிறகே மாற்ற வேண்டும். மகளைப் பார்க்க மூன்று மாதம் வெளிநாடு செல்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. நிரந்தரமாகக் குடிபெயர்பவர்கள், ஏற்கெனவே வாங்கியவற்றை முதலில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளட்டும். வேறு நாட்டிலிருந்து இணையத்துக்கு வருவதுபோல் காட்டும் விபிஎன் போட்டு ஏமாற்றலாம் என்பார்கள். அது நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்குமே தவிர, வங்கி அட்டையின் முகவரியை மறைக்காது. விதிமீறல் என்று கணக்கையே முடக்கவும் கூடும்.

அயல்நாட்டுக் கடை இந்திய அட்டையை ஏற்றுக்கொண்டாலும், வங்கிச் செயலியில் 'சர்வதேசப் பரிவர்த்தனை' அணைந்திருந்தால் பணம் போகாது. 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிய அட்டைகளில் இவ்வசதியை வாடிக்கையாளரே இயக்க வேண்டும். சிறிய வரம்பு வைத்து இயக்கி, வாங்கி முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

படக் குறுந்தகடும் விதிவிலக்கன்று; பெரும்பாலும் அது தன் மண்டலத்துக்கான கருவியில்தான் ஓடும். டிவிடியில் அமெரிக்காவும் கனடாவும் மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. புளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. உறையின் பின்புறம் சிறிய உலக உருண்டைக்குள் அந்த எண் இருக்கும். '0' அல்லது 'ஆல்' என்றிருந்தால் கவலை இல்லை. கணினியின் டிவிடி இயக்கியில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன்பின் கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

அந்த ஐம்பது டாலர் வீணாகவில்லை. எந்தக் கணக்கிலும் ஏறாத எண் என்பதால், தொலைபேசியில் அக்கா மகனுக்கு எழுத்தெழுத்தாகப் படித்துக்காட்ட, அவன் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு, எனக்கு அதே மதிப்புக்கு ரூபாயாக அனுப்பிவிட்டான்.