பழைய பட்டறை நூல்களை லேத் வேலைக்குப் பயன்படுத்துவது எப்படி

வீட்டுப் பட்டறையில் சிறிய லேத் (உலோகத்தைச் சுழற்றி வெட்டும் கடைசல் இயந்திரம்) ஒன்றை வைத்திருப்பவருக்கு, இன்றைய பாடநூல்களைவிட எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய நூல்களே பல நேரங்களில் அதிகம் கைகொடுக்கின்றன. இன்றைய நூல்களில் பெரும்பாலானவை கணினி வழி இயங்கும் இயந்திரங்களையும் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான வெட்டுமுனைகளையும் மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. பழைய நூல்களோ ஒரு லேத், ஒரு துளையிடும் இயந்திரம், சில அரங்கள் ஆகியவற்றைக் கொண்டு தொழில் கற்கும் இளைஞருக்காக எழுதப்பட்டவை. பொழுதுபோக்காக உலோக வேலை செய்பவரின் நிலையும் ஏறத்தாழ அதுதான். ஆயினும் அந்த நூல்கள் சொல்வதை அப்படியே செய்துவிட முடியாது. எதை எடுத்துக்கொள்வது, எதை மாற்றிக்கொள்வது, எதைத் தொடவே கூடாது என்று பிரித்தறியத் தெரிய வேண்டும்.

வாங்கும்போது முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். வேலைக்கென்று வாங்குவதானால் 1920 முதல் 1960 வரை வெளிவந்த நூல்களையே நான் பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் உண்டு. சூட்டிலும் கடினம் குறையாத ஹை ஸ்பீடு ஸ்டீல் என்ற எஃகு 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்ட பிறகே பட்டறைகளுக்குப் பரவியது. அதற்கு முன் பயன்பட்ட கார்பன் எஃகு டூல்கள் (வெட்டும் கருவிகள்) 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே கடினத்தன்மையை இழந்துவிடும் என்பதால், அக்கால நூல்களின் வேக அட்டவணைகள் இன்றைய டூலுக்கு மிகவும் மந்தமானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களைச் செதுக்கோவியங்களின் அழகுக்காக வாங்கலாம். அதுவும் நியாயமான காரணமே. அட்டவணைக் கையேடு ஒன்று கட்டாயம் வேண்டும். 1914-இல் முதலில் வெளிவந்த ‘மெஷினரிஸ் ஹேண்ட்புக்’ இன்றும் புதிய பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் பொதுவான திருகு மரைக்கு 1948-இல்தான் உடன்பட்டன. ஆகவே 1950-க்குப் பிந்தைய பதிப்பாக இருந்தால் நல்லது. பழைய பிரதியைக் கையில் எடுத்ததும், மடித்துவைத்த வரைபடத் தாள்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். முன்னர் வைத்திருந்தவர் அடிக்கடி புரட்டிய பக்கம் அதுதான். பெரும்பாலும் நமக்கும் அதுவே தேவைப்படும்.

வேகக் கணக்கை எப்படி மாற்றுவது என்று பார்ப்போம். பழைய நூல்கள் வெட்டும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை அடி என்று தருகின்றன. அதை 4-ஆல் பெருக்கி, அங்குலத்தில் அளந்த விட்டத்தால் வகுத்தால் நிமிடச் சுழற்சி கிடைக்கும். மீட்டரில் தரப்பட்டால் 320-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் அளந்த விட்டத்தால் வகுக்க வேண்டும். ஹை ஸ்பீடு டூலால் மைல்டு ஸ்டீலை (கார்பன் குறைந்த சாதாரண எஃகை) வெட்ட நிமிடத்துக்கு 90 அடி பொருத்தமானது. ஓர் அங்குலத் தண்டுக்கு அது 360 சுழற்சி. நூல் இதில் பாதி வேகத்தைச் சொன்னால், அது கார்பன் எஃகு டூலுக்கான அளவாக இருக்கக்கூடும். டூல் எது என்று அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் தேடிப் பார்த்த பின்பே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

மரை வெட்டும் பகுதிதான் பழைய நூல்களின் பெருஞ்செல்வம். கியர்களைக் கையால் மாற்றி மரை வெட்டும் முறையை அவற்றைப் போல் பொறுமையாக விளக்கும் புதிய நூல்கள் அரிது. லீட் ஸ்க்ரூ (டூலை நகர்த்தும் நீண்ட திருகு) அங்குலத்துக்கு 8 புரி கொண்டது என்றும், நமக்கு 1.5 மில்லிமீட்டர் பிட்ச் (அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையிலான தூரம்) வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 25.4-ஐ 8-ஆல் வகுத்து வரும் 3.175 மில்லிமீட்டர். 1.5-ஐ அதனால் வகுத்தால் வரும் விகிதம் துல்லியமாக 60-க்கு 127. வேலைத்துண்டைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பக்கம் 60 பல் கியரையும் லீட் ஸ்க்ரூவில் 127 பல் கியரையும் மாட்டி, இடையில் ஏதேனும் ஒரு கியரால் இணைத்தால் போதும். 127 என்ற விந்தையான எண் பழைய கியர் பெட்டிகளில் ஏன் இருக்கிறது என்பதற்கு இதுவே விடை. இப்படி வெட்டும்போது லீட் ஸ்க்ரூவைப் பற்றும் ஹாஃப் நட்டைத் திறக்காமல், டூலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு லேத்தைப் பின்னோக்கிச் சுழற்றித் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். வேலைத்துண்டைப் பிடிக்கும் சக் திருகி மாட்டும் வகையாக இருந்தால், பின்சுழற்சியில் அது கழன்றுவிடாதபடி மெதுவாகச் செய்யுங்கள். கோணத்தையும் மறக்கக் கூடாது: 1841-இல் ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் வகுத்த மரை 55 டிகிரி, மெட்ரிக் மரை 60 டிகிரி. பழைய ஆங்கிலேய நூலின் படத்தைப் பார்த்துத் தீட்டிய டூல் மெட்ரிக் திருகுக்கு உதவாது.

கையால் சமதளம் உண்டாக்கும் முறையையும் இந்நூல்களில் தேடிப் படியுங்கள். இரண்டு வார்ப்பிரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்துச் சுரண்டினால், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தபடியே கச்சிதமாகப் பொருந்திவிடலாம். மூன்றாவது தகட்டைச் சேர்த்து மாறி மாறி ஒப்பிட்டால் அந்த ஏமாற்று நடக்காது. இடையிடையே தகட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தால் முறுக்கும் வெளிப்படும். அளவுகோலே இல்லாமல் துல்லியத்தைப் பிறப்பிக்கும் இந்த வழி இன்றும் செல்லும்.

வேதிப்பொருள் பற்றிய அறிவுரைகளை மட்டும் முற்றிலும் ஒதுக்குங்கள். வேலைத்துண்டின் நுனியைத் தாங்கும் கூர்முனையான சென்டரில் தடவச் சொல்லும் ஈய வெள்ளைப் பசை நஞ்சு. அதற்குப் பதிலாக நல்ல கிரீஸோ சுழலும் சென்டரோ போதும். எண்ணெய்ப் பசை நீக்கச் சொல்லும் கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலைக் கெடுக்கும். சூடான உலோகத்தில் பட்டால் அதிலிருந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கப் பொட்டாசியம் சயனைடைச் சொல்லும் பக்கத்தை வரலாறாக மட்டும் படியுங்கள். ஓடும் சக்குக்கு அருகில் டை கட்டிய மனிதர் கண்ணாடி அணியாமல் குனிந்து நிற்கும் படங்களும் அப்படியே.

நூலை லேத்துக்கு அருகில் விரிக்க வேண்டாம். தேவையான பக்கத்தைப் படமெடுத்து அச்சிட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். அக்காலத்து மரக்கூழ்த் தாளில் அமிலம் இருப்பதால் அது ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருக்கும். கிழிசலில் டேப் ஒட்டாதீர்கள், அதன் பசை காலப்போக்கில் மஞ்சளாக ஊறித் தாளைக் கெடுத்துவிடும். அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் மேல்நுனியைப் பிடித்து இழுக்காமல், பக்கத்து நூல்களைச் சற்று உள்ளே தள்ளி நடுப்பகுதியைப் பற்றி எடுங்கள். ஓரங்களில் யாரோ எழுதிவைத்த பென்சில் குறிப்புகளை அழிக்காதீர்கள். அட்டவணையிலுள்ள அச்சுப் பிழையை அவர் திருத்தியிருக்கவும் கூடும், கணக்குப் போட்டுச் சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உங்கள் குறிப்பையும் பென்சிலால் எழுதலாம். எந்த உலோகம், எந்த டூல், என்ன வேகம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.