பெங்களூரில் கொரோனா பூஸ்டர் ஊசி: எப்போது, எப்படிப் போடுவது?

இது ஆகஸ்ட் 2022 நிலவரம். ஏப்ரல் 10 முதலே 18 வயது நிறைந்தவர்கள் பூஸ்டர், அதாவது மூன்றாவது ஊசி, போடலாம் என்றாலும், அப்போது தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட முடிந்தது. ஜூலை 15 முதல் 18–59 வயதினருக்கு அரசு மையங்களில் இலவசம். செப்டம்பர் 30 வரைதான், தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். இரண்டாவது ஊசி போட்டு 6 மாதம், அதாவது 26 வாரம் ஆகியிருக்க வேண்டும். முன்பு 9 மாதமாக இருந்ததை ஜூலையில் குறைத்துவிட்டார்கள். பிப்ரவரி 10 அன்று போட்டிருந்தால் ஆகஸ்ட் 11 முதல் போகலாம். மார்ச் 31-க்குள் போட்டவர்களுக்கு இலவசக் கெடு முடிவதற்குள் முறை வந்துவிடும். நடுவில் கொரோனா வந்திருந்தால், குணமாகி 3 மாதம் பொறுங்கள்.

அடுத்து கோவின், அதாவது அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளத்தில் உள்ள கணக்கு. நம்மில் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். ஊரடங்கில் ஊருக்குப் போய் வீட்டிலிருந்து வேலை பார்த்தோமே, எனக்கு முதல் ஊசி தர்மபுரியில், அப்பாவின் செல் நம்பரில். இரண்டாவது பெங்களூரு வந்தபின் என் நம்பரில். கோவினைத் திறந்தால் இரண்டுமே முதல் டோஸ் என்று நின்றது. இப்படி இருந்தால் பூஸ்டருக்குத் தகுதி காட்டாது. குறை தெரிவிக்கும் பகுதியில், இரண்டு முதல் டோஸ் சான்றிதழ்களையும் ஒன்றாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. மையத்துக்குப் போகும் முன்பே இதை முடித்துவிடுங்கள். வரிசையில் நின்றபின் தெரிந்தால் அரை நாள் லீவு வீண்.

சரி, கணக்கு ஒழுங்காகிவிட்டதா? கோவினில் நேரம் பதிவு செய்யலாம், நேராகவும் போகலாம். ஆதாரும், பதிவு செய்த நம்பர் உள்ள செல்லும் கையில் இருக்கட்டும். "எரடனே டோஸ் யாவாக?" என்று கன்னடத்தில் கேட்டால் இரண்டாவது ஊசித் தேதியைச் சொல்லுங்கள்.

எந்த ஊசி? முன்பு போட்டது கோவிஷீல்டானால் கோவிஷீல்டு, கோவாக்சினானால் கோவாக்சின். ஆகஸ்ட் 12 முதல் இரு தரப்பினரும் கோர்பேவாக்ஸ் என்ற வேறு ஊசியும் போட்டுக்கொள்ளலாம்.

தனியாரில் போடுவதென்றால் கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுமே 225 ரூபாய், அதற்கு மேல் வரி. சேவைக் கட்டணம் 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. கூடக் கேட்டால் ரசீது கேளுங்கள்.

போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அப்புறம் செல்லுக்குச் செய்தி வந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வராவிட்டால் பதிவு செய்தவரிடமே உடனே சொல்லுங்கள்.