குண்டுவெடிப்பைப் பற்றிய டாக்குடிராமாவை எப்படிப் பார்ப்பது

லண்டன், பர்மிங்ஹாம், பம்பாய் என்று எந்த ஊர்க் குண்டுவெடிப்பைப் பற்றி டிவியில் டாக்குடிராமா, அதாவது உண்மைச் சம்பவத்தை நடிகர்களை வைத்து எடுத்த படம், வந்தாலும், கோயமுத்தூர் வீடுகளில் அதைப் பார்க்கிறவர்களில் ஒருத்தராவது இங்கே தொடர்குண்டு வெடித்த 1998 பிப்ரவரி 14ஐ நினைத்துக்கொண்டுதான் பார்ப்பார். அதனால் இந்த வகைப் படத்தை மற்ற சீரியல் மாதிரி ஓடவிட்டு, முடிந்ததும் விளக்கை அணைத்துப் படுத்துவிட முடியாது. எதை நம்பலாம், எதில் சந்தேகப்பட வேண்டும், வீட்டில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எப்படிப் பார்க்கலாம் என்று நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

படத்தைப் போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று வருடங்களை எழுதிக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த வருடம், கோர்ட்டில் கடைசித் தீர்ப்பு வந்த வருடம், படம் எடுத்த வருடம். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

பர்மிங்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 நவம்பர் 21 ராத்திரி அங்கே இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்தைப் பிரிக்க ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் ஆட்கள் என்று சொல்லி ஆறு பேரைப் பிடித்து, அடுத்த வருடமே ஆயுள் தண்டனை கொடுத்து உள்ளே போட்டார்கள். 1991 மார்ச் 14ல் மேல்முறையீட்டில் அந்த ஆறு பேர் மீதான தண்டனையும் ரத்தாகி வெளியே வந்தார்கள். பதினாறு வருடம் போய்விட்டது. இப்போது, 1980ல் ஒரு இயக்குநர் இதைப் படமாக எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோர்ட் ஆவணத்தை வரி விடாமல் படித்து, ரொம்ப நேர்மையாகவே எடுத்திருந்தாலும், குற்றம் செய்யாத ஆறு பேரைத்தான் குண்டு வைக்கிறவர்களாக நடிக்க வைத்திருப்பார். அவர்கள் ஜெயிலில் இருக்கும்போதே, 1990ல், கிரனாடா டெலிவிஷன் ஒரு டாக்குடிராமா எடுத்து, இவர்கள் செய்யவில்லை என்று சொன்னது; அதோடு நிற்காமல், செய்தவர்கள் என்று தாங்கள் நம்பியவர்களின் பெயர்களையும் சொன்னது. கோர்ட் தீர்ப்பு ஒரு பக்கம், டிவி படம் இன்னொரு பக்கம். படம் எடுத்த வருடம் தெரியாமல் பார்க்கிறவருக்கு இந்தச் சண்டையே தெரியாது.

நம்ம ஊருக்கும் இது பொருந்தும். கோவை வழக்கில் 1998ல் கைது செய்யப்பட்ட கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி, ஒன்பது வருடத்துக்கும் மேல் ஜெயிலில் இருந்தபிறகு 2007 ஆகஸ்டில் கோர்ட்டால் விடுதலை செய்யப்பட்டார். அதே வழக்கில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பும் ஆனது. 2003லோ 2004லோ யாராவது இதைப் படமாக்கியிருந்தால் எந்த முகத்தை எங்கே வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்த மூன்று வருடங்களை எழுதிவைத்துவிட்டு அப்புறம் ரிமோட்டை எடுங்கள்.

அடுத்தது, படம் எந்த நாளில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் ஒரு டாக்குடிராமாவில் இயக்குநர் எடுக்கிற பெரிய முடிவே அதுதான். கோவையின் கதையை 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை மத்தியானம், தேர்தல் கூட்டத்துக்கு அத்வானி வரப்போகிறார் என்று ஆர்.எஸ்.புரத்தில் ஜனம் கூடுகிற இடத்தில் ஆரம்பித்தால் அது ஒரு படம். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டதில் ஆரம்பித்து, அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் இறந்தது, கடைகள் எரிந்தது எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் பிப்ரவரிக்கு வந்தால் அது வேறு படம். பிப்ரவரியில் இறந்தவர்கள் 58 பேர், காயம்பட்டவர்கள் 200க்கும் மேல். முன்னால் நடந்ததைக் காட்டுவதால் குண்டு வைத்தது நியாயமாகிவிடாது, காட்டாமல் விட்டால் அந்தப் பதினெட்டு குடும்பங்கள் இல்லாமல் போய்விடுகின்றன. எங்கே ஆரம்பித்து யாரை வெளியே விட்டார்கள் என்று குறித்துக்கொண்டு, அப்புறம் படத்தை மேலே ஓட்டுங்கள்.

குண்டு ஒன்றாக இல்லாமல் மாதக் கணக்கில் தொடர்ந்து வெடித்த கதை என்றால் தாளில் தேதி வரிசை ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். லண்டன் வட்டாரத்தில் ஐ.ஆர்.ஏ. குண்டு வைத்த கதைக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் படத்தில் எல்லாம் ஒரே வாரத்தில் நடந்த மாதிரி நெருக்கிவிடுவார்கள். 1974 அக்டோபர் 5 கில்ட்ஃபோர்டு, ஐந்து பேர் சாவு. நவம்பர் 7 வுல்விச், இரண்டு பேர் சாவு. அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல் தள்ளி, 1975 டிசம்பர் 6ல், போலீஸ் துரத்த ஐ.ஆர்.ஏ. ஆட்கள் நான்கு பேர் லண்டன் பால்கோம்ப் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, அங்கே இருந்த கணவன் மனைவியைப் பிணையாக வைத்துக்கொண்டு ஆறு நாள் கழித்துச் சரணடைந்தார்கள். தங்கள் வழக்கு 1977ல் நடந்தபோது, கில்ட்ஃபோர்டும் வுல்விச்சும் எங்கள் வேலை, அதற்காக வேறு ஆட்களை உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் தரப்பே சொன்னது. அப்படி உள்ளே இருந்த நான்கு பேர் வெளியே வந்தது 1989ல். முற்றுகை முடிந்து கைவிலங்கு போட்டவுடன் இசையை ஏற்றிப் படத்தை முடித்துவிட்டால், இந்தப் பன்னிரண்டு வருடம் பார்க்கிறவர் கண்ணிலேயே படாது. படம் எந்த நாளில் முடிகிறது என்பதையும் ஆரம்ப நாளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

படம் ஓடும்போது ஒவ்வொரு காட்சியும் எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கப் பழகுங்கள், இரண்டு படம் பார்த்தால் கை வந்துவிடும். உண்மையான பழைய நியூஸ் காட்சி இருக்கும், கோர்ட் ஆவணத்தை வைத்துத் திரும்ப நடித்தது இருக்கும், எழுத்தாளர் தானாக எழுதியது இருக்கும். இப்போதெல்லாம் நடித்த காட்சியையும் நிறம் மங்கலாக்கி, புள்ளி புள்ளியாக்கி, பழைய டிவி சதுர அளவில் வெட்டிச் சேர்த்துவிடுகிறார்கள், அதனால் நிறத்தை நம்பாதீர்கள். கேமரா எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். 1974லோ 1998லோ குண்டு வெடிக்கப்போகிறது என்று தெரிந்து யாரும் கேமராவோடு காத்திருக்கவில்லை. நியூஸ்காரர்கள் வந்தது பெரும்பாலும் வெடித்தபிறகு. அப்படியானால் வெடிப்பதற்கு முந்தைய நிமிடத்தில் அந்த மேசையில் யார் உட்கார்ந்திருந்தார், என்ன பேசிச் சிரித்தார் என்று காட்டுகிற எல்லாமே நடித்ததுதான். மூடிய அறைக்குள் இரண்டே பேர் பேசுகிற காட்சி எழுத்தாளர் தானாக எழுதியது, அதில் ஒருத்தர் வாக்குமூலம் கொடுத்திருந்தால் ஒழிய. ஆரம்பத்தில் ஓடுகிற அறிவிப்பை நிறுத்திப் படியுங்கள். சில பாத்திரங்கள் பலரைச் சேர்த்து உருவாக்கப்பட்டவை என்று அதில் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் மனசாட்சியுள்ள போலீஸ் அதிகாரியாக வருகிறவர் அப்படிச் சேர்த்துச் செய்தவராக இருப்பார்.

விசாரணைக் காட்சிகளில் அவசரப்படாமல் பாருங்கள். பர்மிங்ஹாம் ஆறு பேரில் ஐந்து பேர் பெல்ஃபாஸ்ட் போகும் கப்பலைப் பிடிக்க ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள், வழியில் சீட்டு ஆடிக்கொண்டு. துறைமுகத்தில் பிடித்து, கையைத் துடைத்து ரசாயனச் சோதனை செய்தார்கள். கிரீஸ் (Griess) டெஸ்ட் என்று பெயர். சிலருடைய கையில் வெடிமருந்து இருக்கிறது என்று முடிவு வந்தது, கோர்ட்டில் அது பெரிய சாட்சியாக நின்றது. பிற்பாடு டிவி செய்தியாளர்கள் அதே சோதனையைச் செய்து பார்க்கச் சொன்னபோது, சீட்டுக்கட்டின் மேல்பூச்சில் இருக்கிற நைட்ரோசெல்லுலோஸ் கையில் ஒட்டினாலும் அதே மாதிரி முடிவு வரலாம் என்று தெரிந்தது. படத்தில் இந்தச் சோதனை எப்படி இருக்கும்? வெள்ளைக் கோட்டு போட்டவர் ஒரு சொட்டு விடுவார், நிறம் மாறும், பக்கத்தில் நிற்கிற அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார், நாமும் பிடிபட்டான் என்று நினைத்துக்கொள்வோம். நிறம் மாறுகிற இடத்தில் படத்தை நிறுத்தி, வேறு எதனால் இந்த நிறம் வரும் என்று ஒருத்தராவது கேட்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்கிற காட்சி வந்தாலும் இதேதான்: எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார், அறையில் வக்கீல் இருந்தாரா என்பதைப் படம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

செத்துப்போனவர்களுக்குப் பெயர் இருக்கிறதா என்பது என் கடைசி அளவுகோல், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குண்டு செய்கிறவனின் கை, கம்பி, கடிகாரம் எல்லாம் நெருக்கத்தில் நிமிடக் கணக்கில் வந்து, இறந்தவர் தரையில் ஒரு செருப்பாக மட்டும் வந்தால் அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள்.

பெரியவர்களோடு பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டவுன் ஹால் பக்கம் கடை வைத்திருந்தவர்கள், அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், அந்த ஆஸ்பத்திரி வளாகத்திலும் அன்று குண்டு வெடித்தது. தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிற ஒரு அத்தை எல்லா வளவிலும் உண்டு. "இந்த மாதிரிப் படமுங்க பெரியப்பா, பாக்கறீங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பார்க்கிறேன் என்றால் சத்தத்தைக் குறைத்துவைத்து, ரிமோட்டை அவர் கையில் கொடுங்கள். அவர் நிறுத்துகிற இடத்தில் பேச ஆரம்பிப்பார். எங்கள் பெரியப்பா ஒரு வெளிநாட்டுப் படத்தில் கூட்டம் கத்திக்கொண்டு ஓடுகிற காட்சியில் நிறுத்தி, "இப்படி இல்ல கண்ணு, மொதல்ல ஷட்டரு எறக்கற சத்தந்தான், தெருக்கோடி வரைக்கும் ஒண்ணு பின்னால ஒண்ணா," என்றார். செல்போன் இல்லாத காலம், எஸ்.டி.டி. பூத் எல்லாம் மூடிவிட்டது, பஸ் இல்லை, வீட்டில் இருப்பவர்கள் வாசலிலேயே நிற்க, போனவர்கள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். அவர் சொல்ல அனுமதித்தால் போனில் பதிவு செய்யுங்கள், தேதியும் இடமும் சொல்லச் சொல்லி.

ஒரே ஒரு வீட்டுக் கதையோடு நிறுத்திவிடவும் வேண்டாம். ஆர்.எஸ்.புரத்தில் கேட்டால் ஒரு கதை, முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற கோட்டைமேட்டில் கேட்டால் இன்னொரு கதை, அந்தப் பகுதியைச் சுற்றிப் பல வருடம் போலீஸ் செக்போஸ்ட் இருந்தது, அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்வந்தவர்கள் இப்போது நாற்பதை நெருங்குகிறார்கள். கூடப் படித்தவர், கூட வேலை செய்கிறவர் என்று பழக்கமானவரிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். வாக்குவாதத்துக்காகக் கேட்காதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில், பத்தாவதுக்குக் கீழே படிக்கிறவர்களுக்கு முழுப்படம் தேவையில்லை, நீங்கள் முன்னால் பார்த்துவிட்டு இரண்டு காட்சி காட்டினால் போதும். பெரிய பிள்ளைகளிடம் அந்தத் தாளையே கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். படம் முடிந்ததும், எந்தக் காட்சி நடித்தது, எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். "இந்த ஆளுங்க எல்லாரும் இப்படித்தான்" என்று ஒரு சமூகத்தையே சேர்த்துச் சொன்னால், பர்மிங்ஹாமில் ஐரிஷ்காரர் என்ற ஒரே காரணத்துக்காக வேலை செய்யும் இடத்தில் அடி வாங்கியவர்களைப் பற்றிச் சொல்லுங்கள், அங்கேயும் அதே வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது.

இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிற மாவட்ட மைய நூலகத்தில் பழைய நாளிதழ்த் தொகுப்பு பார்க்கக் கிடைக்குமா என்று கேளுங்கள், திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் உங்கள் மாவட்ட நூலகத்தில் கேட்கலாம். 1997 டிசம்பர் முதல் வாரம், 1998 பிப்ரவரி மூன்றாம் வாரம், 2007 ஆகஸ்டு முதல் வாரம், இந்த மூன்றையும் ஒரே நாளில் வரிசையாகப் படியுங்கள். தமிழ்ப் பேப்பர் ஒன்று, இங்கிலீஷ் பேப்பர் ஒன்று என்று இரண்டையும் எடுத்துவைத்துக்கொண்டால், ஒரே நாளில் எந்தப் பேப்பர் எந்தச் செய்தியை முதல் பக்கத்தில் போட்டது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.