சிங்கப்பூரின் வறண்ட வாரங்களில் கேழ்வரகு பயிரிடுவது எப்படி?

குளிர்நாடுகளில் வசந்தம் தொடங்கியதும் விதைக்கப்படும் கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்றவற்றை இங்கே வளர்க்கலாமா என்று சமூகத் தோட்டங்களில் புதிதாகச் சேருவோர் கேட்பதுண்டு. முளைக்க வைப்பது எளிது. ஆனால் இரவிலும் வெப்பம் தணியாத சிங்கப்பூரில் கோதுமை அவசரமாகக் கதிர் தள்ளி, சரியாக மணி பிடிக்காமலேயே காய்ந்துவிடும். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கிக்கொண்டு மணி கொடுக்கக்கூடிய கேழ்வரகே நம் தோட்டத்துக்கு ஏற்ற தானியம்.

தண்ணீரை எவ்வளவு ஊற்றுவது என்பதைவிட, எந்த வாரத்தில் பயிர் எந்தப் பருவத்தில் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்குமேல் மழை பெய்யும் இத்தீவில், வடகிழக்குப் பருவக்காற்றின் முற்பகுதியான டிசம்பரும் ஜனவரியும் நனைந்திருக்கும். ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை காற்று வலுத்து மண் காயும். 2014-இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் நீடித்த வறட்சியைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கீரை வளர்ப்பவருக்கு இந்த வாரங்கள் தொல்லையானவை. தானியம் வளர்ப்பவருக்கோ, கதிர் பூஞ்சணம் பிடிக்காமல் முற்றுவதற்கு இவற்றைவிட நல்ல நாட்கள் இங்கே கிடைப்பது அரிது. ஆகவே நவம்பர் இறுதியில் நாற்றுவிட்டு, டிசம்பர் நடுவில் நட்டு, மார்ச்சில் இடிமழை திரும்புவதற்குள் அறுப்பதே நம் திட்டம்.

முதல் படி: விதை

தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் கிடைக்கும் முழுக் கேழ்வரகே பெரும்பாலும் முளைக்கும். ஒரு தேக்கரண்டி எடுத்து ஆறு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். இரண்டு நாளில் பாதிக்குமேல் வெள்ளை முனை எட்டிப் பார்த்தால் அந்த விதையை நம்பலாம். ஊரிலிருந்து விதை கொண்டுவர விரும்புவோர் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி நிபந்தனைகளை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: நாற்று

விதை கடுகைவிடச் சிறியது என்பதால் டிசம்பர் மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும். கூரையின்கீழ், ஆனால் வெளிச்சம் படும் இடத்தில், அடியில் துளையுள்ள தட்டில் மண்ணும் மட்கிய உரமும் கலந்து நிரப்பி, விதையைத் தூவி, அது மறையும் அளவுக்கு மட்டும் மண் போர்த்துங்கள். 18 முதல் 20 நாளில் நாற்று நடவுக்குத் தயாராகும்.

மூன்றாம் படி: நடவு

தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட பாத்தியில், 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு வரிசைகள் போடலாம். வரிசைக்குள் 15 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, குத்துக்கு இரண்டு நாற்று. மட்கிய உரத்தை நடவுக்கு முன்பே கலந்துவிடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் பயிர் உயரமாக வளர்ந்து, பிப்ரவரிக் காற்றில் சாய்ந்துவிடும். மாலையில் நட்டு, மூன்றாம் நாள், நாற்று வேர்பிடிக்க உதவும் உயிர்த்தண்ணீர் கொடுக்க வேண்டும். மழை பெய்திருந்தால் அது தேவையில்லை.

வரிசை பிடித்து நடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூரின் நடைபாதை ஓரங்களிலும் திடல்களிலும் தானாக முளைக்கும் ஒரு புல், கேழ்வரகின் நெருங்கிய உறவு. இளம்பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். வரிசைக்கு வெளியே நிற்பது எதுவாக இருந்தாலும் இரக்கமின்றிப் பிடுங்குங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் தாழ்வாரத்தில் தொட்டியில் வளர்ப்போர், நேர் வெயில் ஆறு மணி நேரமாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இம்முயற்சியை விட்டுவிடலாம். நடமாட 1.2 மீட்டர் வழி விடுவதும், டெங்கிக் கொசு பெருகாதபடி தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்க விடாதிருப்பதும் கட்டாயம்.

நான்காம் படி: மூடாக்கும் தண்ணீரும்

ஜனவரி மழை நிற்கும் முன்னரே, மண் ஈரமாக இருக்கும்போதே, காய்ந்த இலையையோ புல்லையோ ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் வரிசைகளுக்கிடையே பரப்புங்கள். காய்ந்த மண்ணின்மேல் போடும் மூடாக்கு, பிறகு பெய்யும் சிறு தூறலையும் மண்ணுக்கு எட்டவிடாது. தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம்.

அடியிலிருந்து பக்கத்தண்டுகள் விட்டுத் தூர் கட்டும் பருவத்தில் கேழ்வரகு கொஞ்சம் பட்டினி கிடக்கும். அதனால் கெடுதல் இல்லை, வேர் ஆழம் தேடும். நண்பகலில் இலை சுருள்வதைப் பார்த்துப் பதறி வாளியைத் தூக்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கும் இலை சுருண்டே இருந்தால், அன்று தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

கதிர் வெளிவரத் தொடங்குவதிலிருந்து மணி பால் பிடிக்கும்வரையுள்ள இரண்டு மூன்று வாரங்களில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. பிப்ரவரியில் வரும் இந்நாட்களில் மண் காய்ந்தால் கதிர் பார்க்க அழகாக இருந்தும் உள்ளே பதராகவே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வெயில் நாளில் பயிரும் மண்ணும் சேர்ந்து நான்கைந்து மில்லிமீட்டர் இழப்பதாகக் கொண்டால், நம் இரண்டரைச் சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 லிட்டர் தேவை. தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் 20 லிட்டருக்குமேல் அடிமண்வரை இறங்கும்படி, காலையில், இலையை நனைக்காமல் ஊற்றுவது மேலானது. இரவில் ஈரமான இலை குலைநோய் என்னும் பூஞ்சை நோய்க்கு வழிவிடும். மணி கெட்டிப்பட்டதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: பறவைகள்

பால் பிடித்த கதிரை நமக்கு முன்பே, தானியம் தின்னும் சிறு பறவைகளான சில்லைகள் கண்டுபிடித்துவிடும். மைனாவும் சிட்டுக்குருவியும் பின்தொடரும். பளபளக்கும் நாடாக்களுக்கு அவை விரைவில் பழகிவிடுகின்றன. கதிர்களின்மேல் மெல்லிய துணிப்பைகளைக் கட்டுவதே பலனளிக்கும். சிறு பாத்தியில் அது ஒரு மாலை வேலைதான்.

ஆறாம் படி: அறுவடை

எல்லாக் கதிரும் ஒன்றாக முற்றாது. பாதிக்கதிர்கள் பழுப்பானதும் அவற்றை மட்டும் அறுத்து, மீதியை ஒரு வாரம் கழித்து அறுங்கள். நன்றாக வெயிலில் காயவைத்து, துணிப்பையில் போட்டுக் கட்டையால் தட்டினால் மணி உதிரும். முறத்தில் புடைத்தால் உமி போய்விடும். எக்டருக்கு மூன்று டன் என்ற நல்ல விளைச்சலின் கணக்கில்கூட இந்தப் பாத்தி முக்கால் கிலோதான் தரும். பறவைக்குப் போனது போக அரைக்கிலோ கிடைத்தால் குறைசொல்ல முடியாது. அதில், தாய்த்தண்டில் முதலில் முற்றிய கதிர்களின் மணியைத் தனியாக எடுத்து, மீண்டும் இரண்டு நாள் காயவைத்து, காற்றுப்புகாத புட்டியில் அடைத்தால் நவம்பருக்கு விதை கையிலிருக்கும்.