முதியோர் கீழே விழாமல் காக்கும் ஒட்டாகோ பயிற்சியை நம் ஊருக்குக் கொண்டுவருவது எப்படி?

நியூசிலாந்தின் டுனெடின் நகரில், ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான வீட்டுப் பயிற்சி இது. 80 வயது தொட்ட, கடந்த பெண்களிடம் நடத்திய முதல் ஆய்வு 1997இல் வெளியானது. அதில் பயிற்சி கொடுத்தவர் பிசியோதெரபிஸ்ட். பிறகு அதே வேலையைப் பயிற்சி பெற்ற செவிலியர்களிடம் கொடுத்தும் பார்த்தார்கள். இப்படி நடந்த நான்கு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, 65 முதல் 97 வயதுவரையிலான 1,016 பேரிடம் விழுவது 35 சதவீதம் குறைந்திருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலரும் பிசியோதெரபிஸ்ட்டும் ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார்கள். ஆனால் தன்னார்வலர் மட்டும் கொடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்று அந்த நான்கு ஆய்வுகளும் சொல்லவில்லை. காலில் கட்டும் எடையையும் பயிற்சியின் நிலையையும் தீர்மானிக்கும் வருகைகளை பிசியோதெரபிஸ்ட்டிடமே விடுங்கள். இடையில் விசாரிப்பது, குறித்துக்கொள்வது, பேசி உற்சாகப்படுத்துவது தன்னார்வலர் வேலை.

யாரைச் சேர்ப்பது

கோயில் மண்டபத்தில் முகாம் போட்டால் நடந்து வர முடிந்தவர்தான் வருவார். நமக்கு வேண்டியவர் வீட்டுக்குள் இருக்கிறார். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொடுக்கும் பட்டியலை எடுத்து, 80 கடந்தவர்களையும் கடந்த ஓராண்டில் விழுந்தவர்களையும் முதலில் பாருங்கள். அதிகப் பலன் கண்டவர்கள் அவர்கள்தான்.

“விழுந்தீங்களா?” என்று மொட்டையாகக் கேட்டால் “இல்லையே” என்றுதான் பதில் வரும். வழுக்கியதையும் மயக்கம் வந்து சாய்ந்ததையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. “இடறியோ, வழுக்கியோ, தலைசுற்றியோ, எப்படியாவது தரையில போய் உட்கார்ந்தீங்களா பாட்டி?” என்று கேளுங்கள்.

ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மறு பாதத்தை, குதிகால் விரலைத் தொடும்படி வைத்து 10 நொடி நிற்கச் சொல்லுங்கள். நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து கூடுதல். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். எழுந்ததும் தலைசுற்றுகிறது என்பவரை மாத்திரைகளோடு மருத்துவரிடம் அனுப்புங்கள். பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி பலன் தரவில்லை. வீட்டிலுள்ள ஆபத்துகளைச் சரிசெய்ததுதான் உதவியது. அவர்களுக்குக் கண் பரிசோதனையும் குளியலறைக் கைப்பிடியும்தான் முதல் வேலை.

மாற்றக் கூடாதவை

வாரத்துக்கு 3 நாள், நாளுக்குச் சுமார் 30 நிமிடம், இடையில் ஒரு நாள் ஓய்வு. இதோடு வாரம் இருமுறை நடை. நடையை 10 நிமிடங்களாகப் பிரித்தாலும் சரி.

கால் பலத்துக்குக் கணுக்காலில் எடை கட்ட வேண்டும்: உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது, நின்று பின்பக்கம் மடக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது. 8 முதல் 10 தடவையில் கால் சோர்ந்துபோகும் எடைதான் சரியான எடை. தூக்க 2–3 நொடி, இறக்க 4–5 நொடி. பத்துப் பத்தாக இரண்டு சுற்று சிரமமில்லாமல் வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள். சமநிலைக்கு ஒற்றைக்கால் நிலை, எட்டுப் போட்டு நடப்பது, பின்னோக்கி நடப்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது போன்றவை. முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல்.

திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பயந்துகொண்டு ஆறு மாதமும் பிடித்தபடியே செய்யவைப்பார்கள். முதல் நாள் கட்டிய ஒரு கிலோ கடைசிவரை ஒரு கிலோவாகவே இருக்கும். உடம்புக்குச் சவால் இல்லாவிட்டால் பலனும் இல்லை. “வாக்கிங் போங்க, போதும்” என்று சுருக்குவதும் அதே தவறுதான்: நடை மட்டும் விழுவதைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தள்ளாடுபவரை வேகமாக நடக்கச் சொன்னால் ஆபத்துதான் கூடும்.

மாற்றலாம்

எடைப் பட்டைக்குப் பதில் கெட்டித் துணியில் இரண்டு அறை தைத்து, உலர்ந்த மணல் நிரப்பி, வெல்க்ரோ வைக்கலாம். மளிகைக் கடைத் தராசில் அரை அரை கிலோவாக நிறுத்துக்கொள்ளுங்கள். ஈர மணல் காய்ந்தால் எடை குறையும். பிளாஸ்டிக் நாற்காலி பிடிக்க உதவாது, சாய்ந்துவிடும்; சமையல் மேடையோ ஜன்னல் கம்பியோ பரவாயில்லை. உட்கார்ந்து எழ பிளாஸ்டிக் நாற்காலியையே பயன்படுத்த நேர்ந்தால் அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சேலையையும் வேட்டியையும் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

வருகைக் கணக்கு

1, 2, 4, 8ஆம் வாரங்களிலும் ஆறாம் மாதத்திலும் வீட்டுக்குப் போக வேண்டும். முதல் வருகைக்கு ஒரு மணி நேரம், மற்றவற்றுக்கு அரை மணி. போகாத மாதங்களில் போன். ஆள் போதாதபோது முதலில் வெட்டப்படுவது இரண்டாவதற்குப் பிந்தைய வருகைகள்தான்; எடை கூடுவதும் கைப்பிடி விடுவதும் நடக்க வேண்டியதோ அந்த வருகைகளில். 40 பேரை ஒரே வாரத்தில் சேர்த்தால் அந்த வாரமே 40 மணி நேரம் போய்விடும். வாரம் 5 பேராகச் சேருங்கள். எட்டாம் வாரத்தில் 1, 2, 4, 8ஆம் வார வருகைக்கு ஐந்தைந்து பேராக 20 வருகை, பயணம் நீங்கலாக பன்னிரண்டரை மணி நேரம். ஒருவரால் தாக்குப்பிடிக்க முடியும்.

பதிவு

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். பயிற்சி செய்த நாளுக்குக் கோடு, விழுந்த நாளுக்குப் பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவருக்குப் பேரன் பேத்தி குறிக்கட்டும். மாதாமாதம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் கேட்டால் பாதி மறந்திருக்கும். விழுந்த எண்ணிக்கையைவிட முதலில் கோடுகளைப் பாருங்கள். வாரம் ஒரு கோடுதான் என்றால் பயிற்சியைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

பெருக்கல் குறி விழுந்த வீட்டில் மறுநாளே பயிற்சி நின்றுவிடும். “இனி ஒண்ணும் செய்ய வேணாம்மா, உட்காருங்க” என்று மகனோ மருமகளோ தடுப்பார்கள். அந்த வாரத்துக்குள் நேரில் போங்கள். அடியில்லை என்று உறுதியானபின் ஒரு நிலை இறக்கி, பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சியிலிருந்து, அவர்கள் கண்ணெதிரிலேயே மறுபடி தொடங்குங்கள்.