படம் ஓடும், சத்தம் வராது

புது வகுப்பு கொடுத்தார்கள், கூடவே புரொஜெக்டரில்தான் பாடம் என்றார்கள். வீட்டில் கணீரென்று கேட்ட வீடியோ வகுப்பில் ஊமையானது. கை நடுங்கியது, ஒப்புக்கொள்கிறேன்.

வால்யூமைக் கூட்டினேன், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன், சவுண்ட் டிரைவரை (சத்தத்தை இயக்கும் மென்பொருளை) அழித்து மறுபடி போட்டேன், கேபிளைக்கூட மாற்றினேன். மூன்று நாள் போச்சு. வீட்டிலேயே சோதித்துக்கொண்டிருந்ததுதான் தப்பு. அங்கே புரொஜெக்டரே இல்லையே!

நான்காம் நாள் காலி வகுப்பறையில் தனியாக உட்கார்ந்தேன். லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிவிட்டு, திரையின் மூலையிலிருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் புரொஜெக்டரின் பெயர் நிற்கிறது. விண்டோஸ் சத்தத்தையும் கேபிள் வழியே அனுப்பியிருக்கிறது. அந்தப் புரொஜெக்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது. அங்கேயே சத்தம் எங்கே போகவேண்டும் என்று காட்டும் பட்டியலில் லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன், கேட்டது. கேபிளைச் செருகியிருந்தால்தான் அந்தப் பட்டியலில் புரொஜெக்டர் தெரியும்.

இப்போதெல்லாம் மணியடிக்கப் பத்து நிமிடம் முன்பே போய்ச் செருகிப் பார்த்துவிடுகிறேன்.