அடுத்த வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிடுமுன்

திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறோம். பெருநாளுக்கு வட்டிலப்பம் என்ற இனிப்பு வரும், தைப்பொங்கலுக்குப் பொங்கல் போகும், ஆனால் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவது குறைவு, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

கூப்பிடுமுன் என்ன சாப்பிடுவீர்கள் என்று நேரே கேளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம். முஸ்லிம் குடும்பம் வருகிறதென்றால் கோழியை விட்டுவிட்டு, காலையில் கரைக்கு வந்த பாரை மீனை வாங்குங்கள், மீனுக்கு ஹலால் அறுப்பு தேவையில்லை, அதனால் அவர்கள் தயங்காமல் கைவைப்பார்கள். போயா தினத்திலும் (பௌத்தர்களின் பௌர்ணமி நாள்) வெள்ளிக்கிழமையிலும் பலர் மரக்கறிதான், அந்த நாட்களைத் தவிருங்கள் அல்லது பருப்பு, கத்தரிக்காய்க் குழம்போடு நிறுத்துங்கள். கடைசியில் கிண்ணியா எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் பனையின் பாகு) வைத்தால் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் சட்டியைச் சுரண்டுவார்கள்.

அப்புறம், வேலையைப் பங்கு போடுங்கள். தேங்காய் துருவ, வெங்காயம் உரிக்க ஒரு மணித்தியாலம் முன்பே வரச் சொல்லுங்கள், பேச்சு அங்கேதான் தொடங்கும். அவர்கள் கொண்டுவந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பாதீர்கள், இரண்டு முருங்கைக்காயாவது போட்டு அனுப்புங்கள்.